காவல் காத்தவர்களின் பிள்ளைகள்

1990க்கும் 2007க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டக்களப்பில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை வைத்திருந்த பெற்றோருக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு வேலை இருந்தது. பிள்ளையை யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க வேண்டும். சுற்றிவளைப்பில் பிடிபட்ட பொடியன் திரும்பி வராமல் போகலாம். வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு விடுதலைப் புலிகள் இயக்கம் படலையைத் தட்டலாம். 2004 மார்ச்சில் அந்த இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரலில் அவருடைய அணியில் இருந்த சிறுவயதினர் பெருந்தொகையாக வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களை மறுபடி கொண்டுபோக வந்த புலிகளைத் தாய்மார் எதிர்த்து நின்றதை, அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பிரிந்து நின்ற தரப்பும் பிள்ளைகளைப் பிடித்தது. இதற்கிடையில் பலர் மகன்மாரைக் கொழும்பில் இருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். மகள்மாரைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள். தாலி ஏறிய பெட்டையைக் கொண்டுபோகமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம்.

2004இல் பதினான்கு வயதாக இருந்தவர்கள் இன்று முப்பதுகளின் நடுவில் நிற்கிறார்கள். அவர்களுடைய மூத்த பிள்ளைகள் இப்போதுதான் ஆண்டு எட்டிலும் ஒன்பதிலும் படிக்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று இந்தத் தாய் தகப்பன்மார் கண்ணால் கண்ட ஒரே முறை காவல்தான். கதவைப் பூட்டு, வெளியே விடாதே, யாரோடும் கதைக்க விடாதே. அன்று அது சரியான முறையும்கூட. அதைக் குறை சொல்லும் தகுதி அந்தக் காலத்தைக் கடந்து வராத எவருக்கும் இல்லை.

இப்போதைய பயங்கள் வேறு. கஞ்சா, ‘ஐஸ்’, பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள், போனில் முகம் தெரியாத ஒருவனோடு பின்னிரவு வரை நடக்கும் உரையாடல், பரீட்சைக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விடும் காதல். பயங்கள் மாறினாலும் மருந்து மாறவில்லை. போனைப் பறித்து வைப்பது, பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பது, தம்பியை ஒற்றனாக அனுப்புவது, வகுப்பு முடியும் நேரத்துக்கு வாசலில் நிற்பது என்று காவல் தொடர்கிறது. இந்தக் காவலால் உண்மையில் என்ன தெரியவருகிறது என்பதை அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது.

சுவீடனின் ஒரெப்ரூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு திரிகிறது என்பதை அறிந்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்புகளில் குறைவாகவே மாட்டுகிறார்கள் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆகவே ‘கண்காணியுங்கள்’ என்று நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். ஸ்டாட்டினும் கெர்ரும் ஒரு படி பின்னால் போய், பெற்றோருக்கு அந்தத் தகவல் எந்த வழியில் கிடைக்கிறது என்று கேட்டார்கள். பதினான்கு வயதுள்ள 703 பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கேள்விகள் கேட்டு மூன்று வழிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் கேட்டு அறிந்தது ஒன்று. கட்டுப்பாடுகள் போட்டு அறிந்தது இன்னொன்று. பிள்ளை தானாக வந்து சொன்னது மூன்றாவது. பெற்றோர் அறிந்திருந்தவற்றில் மிகப் பெரும்பங்கு இந்த மூன்றாவது வழியில்தான் வந்திருந்தது. பிள்ளையின் நல்ல நடத்தையோடு நெருங்கிப் பொருந்தியதும் அதுதான். காவலால் கிடைத்த தகவல் சொற்பம். அளவுக்கு மீறிய காவலை உணர்ந்த பிள்ளைகளிடம் விளைவு தலைகீழாகவும் போயிருந்தது.

சுவீடன் எங்கே, செங்கலடி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே போருமில்லை, சீதனமுமில்லை, ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற கவலையும் இந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் அந்த ஆய்வின் கேள்வியை எந்த வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை ஒற்றுப் பார்த்து அறிந்தவை, எத்தனை அது சோறு தின்றுகொண்டே சொன்னவை?

பிள்ளை சொல்வதை ஏன் நிறுத்துகிறது என்பதை அறியத் தலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990களில் ஒரே பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மூளையின் வளர்ச்சி குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பது அதுவரை இருந்த எண்ணம். 1999இல் வெளியான அவர்களுடைய முடிவு வேறு கதை சொன்னது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையில் சாம்பல்நிறப் பொருள் கூடிக்கொண்டே போய், பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ பதினொரு வயதிலும் ஆண்பிள்ளைகளில் பன்னிரண்டு வயதளவிலும் உச்சம் தொடுகிறது. பிறகு குறையத் தொடங்குகிறது. குறைகிறது என்றதும் பயப்பட வேண்டாம். வயல் வட்டைக்குள் ஆட்கள் தினமும் நடக்கும் ஒற்றையடிப் பாதை இறுகி நிலைக்கும், யாரும் நடக்காதது புல் மூடிப்போகும். பதின்வயதில் நரம்பணுக்களின் இணைப்புகளும் இப்படித்தான் தேறுகின்றன. பயன்படுபவை மேலுறை பெற்று வேகமாகின்றன, பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. திட்டமிடுவது, பின்விளைவை நினைப்பது, ஆத்திரத்தை ஒரு கணம் நிறுத்திவைப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் முன்மூளைப் பகுதியில் இந்தத் திருத்த வேலை முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது.

இன்பத்தையும் வெகுமதியையும் உணரும் ஆழப்பகுதிகள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. பருவமடையும்போதே அவை விழித்துக்கொள்கின்றன. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு அவை காட்டும் துலக்கம் பதின்வயதின் நடுவில் மிக அதிகம். ஆசை முழு வேகத்தில் இருக்க, அடக்கும் திறன் அரைகுறையாக இருக்கும் இந்த இடைவெளிதான் பதின்வயதின் உயிரியல். ‘சொன்னா விளங்குதில்லையே இந்தப் புள்ளைக்கு’ என்று தாய் தலையில் அடித்துக்கொள்கிறாள். பிள்ளைக்கு விளங்குகிறது. ஆறுதலாக இருக்கும்போது பதினாறு வயதுப் பிள்ளை ஒரு ஆபத்தைப் பெரியவர்கள் அளவுக்கே சரியாக எடைபோடும். ஆறுதலாக இல்லாதபோதும், கூட்டாளிமார் பக்கத்தில் நிற்கும்போதும்தான் அந்தக் கணக்கு கலைகிறது.

கூட்டாளிமார் விஷயம் வெறும் ஊகமில்லை. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேரை மூன்று வயதுக் குழுக்களாகப் பிரித்துக் கணினியில் வாகனம் ஓட்டும் விளையாட்டுக் கொடுத்தார்கள். தனியாக விளையாடியபோது மூன்று குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தன் வயதுடைய இருவர் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையானவர்கள் துணிந்து எடுத்த ஆபத்து மளமளவென்று ஏறியது. இருபத்து நான்கு வயதைத் தாண்டியவர்களிடம் கூட்டாளிகள் இருந்ததும் இல்லாததும் ஒன்றாகவே இருந்தது. கல்லடிப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பொடியன்மார் ஹெல்மெட் இல்லாமல் பறப்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஆய்வின் வரைபடம் தேவைப்படாது. அவர்களில் ஒருவன் தனியாக வரும்போது சைக்கிளை இறங்கி உருட்டுகிற ஆளாகவும் இருக்கலாம்.

இதன் மறுபக்கம் பெற்றோருக்கு ஆறுதலானது. 2015இல் ஈவா டெல்சரும் அவருடைய சகாக்களும் இதே மாதிரியான ஓட்டும் விளையாட்டை நண்பர்களுக்குப் பதிலாகத் தாயைப் பார்வையாளராக வைத்துச் செய்துபார்த்தார்கள். தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் ஆபத்தான முடிவுகளைக் குறைத்தார்கள். அத்தோடு, ஆபத்தான முடிவு எடுத்தபோது மூளையின் வெகுமதிப் பகுதியில் எழும் கிளர்ச்சியும் தணிந்திருந்தது. தாய் அங்கே ஒன்றும் சொல்லவில்லை, இருந்தாள், அவ்வளவுதான்.

சொல்லத் தொடங்கினால் என்ன ஆகிறது என்பதையும் ஒரு குழு பார்த்திருக்கிறது. அதே 2015இல் வந்த வேறொரு ஆய்வு. பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய தாய்மாரே சொன்ன குறைகள் முப்பது வினாடித் துண்டுகளாக ஒலிப்பதிவு செய்யப்பட்டன. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்த முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு அவை போட்டுக் காட்டப்பட்டன. குறையைக் கேட்டபோது, கோபமும் தாபமும் எழும் பகுதிகளில் செயற்பாடு கூடியது. ஆத்திரத்தை அடக்கும் பகுதிகளிலும், மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் பகுதிகளிலும் செயற்பாடு குறைந்தது. தாய் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று யோசிக்க வேண்டிய நேரத்தில், யோசிக்கும் பகுதியே ஒதுங்கிவிடுகிறது. அரைமணி நேரம் நடக்கும் ஏச்சு பெரும்பாலும் வீண் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டியதில்லை. (முப்பத்திரண்டு பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இதை மறுக்கும் பெற்றோர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.)

2022இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னொரு காயத்துக்கு மருந்து போடுகிறது. சிறுபிள்ளைகளின் மூளையில் வெகுமதிப் பகுதிகள் தாயின் குரலுக்குத்தான் அதிகம் துலங்குகின்றன. ஏறத்தாழ பதின்மூன்று வயதில் இது மாறுகிறது. அறிமுகமில்லாத குரலுக்குத் துலக்கம் கூடுகிறது. நேற்று வரை சேலைத் தலைப்பைப் பிடித்துத் திரிந்த பிள்ளை இன்று கூப்பிட்டால் காது கேளாததுபோல் இருப்பது தாய்க்கு அவமதிப்பாகப் படும். அது அவமதிப்பல்ல, வெளியுலகத்துக்குப் போக மூளை செய்துகொள்ளும் ஆயத்தம். தாயின் குரல் அழிந்துபோவதில்லை. போட்டிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிள்ளை ஏன் சொல்வதை நிறுத்துகிறது என்பது தெரிகிறது. ஒருநாள் உண்மை சொன்னது. அதற்குக் கிடைத்தது ஏச்சும் அடியும் போன் பறிமுதலும். மூளை அந்தப் பாடத்தை ஒரே தடவையில் படித்துக்கொண்டது. ‘எங்க மகன் போயிட்டு வாறீங்க?’ என்று அம்மா கேட்கும்போது, அதன் பின்னால் பிரம்பு இருக்கிறதா, கோப்பையில் தேத்தண்ணி இருக்கிறதா என்பதைப் பிள்ளை அந்தக் குரலிலேயே அறிந்துவிடும். கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். தவறைக் கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னதற்கான தண்டனையும் செய்ததற்கான தண்டனையும் ஒன்றாகிவிட்டால் அடுத்த முறை செய்வது தொடரும், சொல்வது நிற்கும். வீட்டுச் சட்டங்கள் இருக்கட்டும். எத்தனை மணிக்குள் வர வேண்டும், யாருடைய வண்டியில் ஏறக்கூடாது என்று மூன்று நான்கு இருந்தால் போதும். அவற்றின் காரணத்தைப் பிள்ளையோடு ஒருமுறை பேசித் தீர்மானித்துவிட்டு, மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஆத்திரத்தில் புதுச் சட்டம் இயற்றும் தேவை குறையும்.

பெண்பிள்ளை விஷயத்தில் காவல் இன்னும் இறுக்கம். பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு முடிந்த நாளிலிருந்து அவள் ‘குமர்’. வாசலில் நின்றால் குற்றம், சிரித்தால் குற்றம். போர்க்காலத்துப் பயமும் பழைய மானக் கணக்கும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்ட தாய், தன் மகள் யாரோடோ போனில் பேசுவதைக் கண்டதும் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கப் புறப்படுகிறாள். இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இலேயே பதினெட்டாக உயர்த்தப்பட்டது. 2016இலிருந்து பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். சட்டம் தெரியாமல் யாரும் இதைச் செய்வதில்லை, பயத்தில் செய்கிறார்கள். ஆனால் இறுக்கிப் பூட்டிய வீட்டிலிருந்துதான் பெட்டைகள் அதிகம் ஓடிப்போகிறார்கள் என்பதை மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் எவரிடம் கேட்டாலும் சொல்வார். காதலைப் பற்றி அம்மாவிடம் ஒரு சொல்லும் பேச முடியாத பெட்டைக்கு முன்னால் இரண்டு வழிதான்: மறைப்பது, இல்லாவிட்டால் போய்விடுவது.

நித்திரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதின்வயதில் மெலடோனின் என்ற நித்திரைச் சுரப்பு இரவில் தாமதமாகவே ஊறத் தொடங்குகிறது என்பதை மேரி கார்ஸ்கடன் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேர நித்திரை தேவை. எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை காலை ஏழரைக்கு, பலருக்கு அதற்கு முன்னே ஒரு ரியூஷன், பின்னேரம் இன்னொன்று, சனி ஞாயிறு முழுநாள். நித்திரை போதாத மூளையில் முதலில் களைப்பது அந்த அரைகுறை முன்மூளைதான். எரிந்து விழும் பிள்ளையைத் திருத்துவதற்கு முன், ஒரு கிழமை போதுமட்டும் தூங்கவிட்டுப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

மட்டக்களப்புப் பிள்ளைகளின் மனநலம் என்றதும் வெளியிலிருந்து வருபவர்கள் போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும்தான் தேடுவார்கள். சுனாமிக்குப் பிறகு வந்திறங்கிய உளவியலாளர் படையை அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் விமர்சித்தார். மேற்கு நாட்டு அளவுகோலை வைத்துக்கொண்டு அவர்கள் உள்ளக் காயத்தைத் தேடினார்கள். இங்குள்ளவர்களோ தம் துயரத்தை உறவு அறுந்ததாக, குடும்பத்தில் தமக்குரிய இடத்தை நிறைவேற்ற முடியாமல் போனதாகச் சொன்னார்கள். இந்த வேறுபாட்டை ஆராய்ந்து எழுதியவர் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ. அவரும் கென்னத் மில்லரும் டேல் பேர்கரும் சேர்ந்து, சராசரி பதினான்கரை வயதுள்ள 427 இலங்கைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2010இல் வந்தது. போரும் சுனாமியும் எவ்வளவு தாக்கின என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், வீட்டு வறுமை, அடி, சச்சரவு, பெற்றோரை இழந்து நிற்பது போன்ற அன்றாட நெருக்கடிகள் பிள்ளையின் நிலையைத் தனியாகப் பாதித்துக்கொண்டிருந்தன.

இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். போரை ஒரு தாயால் நிறுத்த முடியாது. அன்றாடத்தில் அவளுக்கும் தகப்பனுக்கும் கொஞ்சம் கையிருக்கிறது. தகப்பன் என்று சொல்லும்போது சாராயத்தைப் பேசாமல் இருக்க முடியாது. கிளாடியா கட்டானியும் சகாக்களும் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், தகப்பனின் குடிக்கும் பிள்ளை வீட்டில் படும் அடிக்கும் நேரடித் தொடர்பு தெரிந்தது. பிள்ளையின் மனநலத்துக்கு எந்த நிபுணரைப் பார்க்கலாம் என்று கேட்கும் வீடுகளில், முதலில் பார்க்க வேண்டிய ஆள் சில வேளை பின்னேரம் தவறணையிலிருந்து வருகிறார்.

பிள்ளையை மட்டும் தனியே எடுத்துச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பும் திட்டங்களின் எல்லையும் தெரிந்ததுதான். வீட்சே டோல் தலைமையில் வடமாகாணத்தில் 399 பிள்ளைகளோடு நடந்த, வகுப்பறையில் பதினைந்து அமர்வுகள் கொண்ட திட்டத்தின் முடிவுகள் 2012இல் வந்தன. சிலருக்கு நன்மை, சில பெண்பிள்ளைகளுக்கு எதிர்பார்த்ததற்கு மாறான விளைவு, மொத்தத்தில் பெரிய பலன் இல்லை. வெளியே நெருக்கடி தொடரும்போது வகுப்பறைக்குள் நடக்கும் பயிற்சி ஒரு அளவுக்கு மேல் போகாது.

வயல் செய்யும் படுவான்கரைக் குடும்பங்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் லட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்று உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் வீட்டில் கிடந்த கிருமிநாசினி. அந்த ஆண்டில் மிகக் கொடிய வகைகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது, 1998இலும் 2008க்குப் பின்னும் மேலும் சில தடைசெய்யப்பட்டன. வீதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எழுபது சதவீதம் சரிந்தது. மனித மனம் மாறிவிடவில்லை, கிருமிநாசினிதான் மாறியது. உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டவர்களிடம் வைத்தியசாலைகளில் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே யோசித்திருந்தார்கள். ஆசை, ஆத்திரம், அவமானம் எல்லாம் முன்மூளையை மிஞ்சும் அந்த அரைமணிதான் பதின்வயதின் ஆபத்தான நேரம். கிருமிநாசினியைப் பூட்டிவைக்கப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்று அனுராதபுர மாவட்டத்தில் நடந்தது. பெட்டிகளால் மரணம் குறையவில்லை என்று 2017இல் முடிவு வந்தது. வீட்டில் வைத்திருக்காமல் இருப்பதே மேல். பரீட்சைப் பெறுபேறு வரும் கிழமையிலும், காதல் வெளிப்பட்ட இரவிலும் பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ‘சாகப்போறன்’ என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளிவிடக்கூடாது. அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதில் உளநல வைத்தியர்களுக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவையும் செய்யச் சொல்வது யாரிடம்? விடியற்காலை எழும்பிக் களப்பில் வலை வீசப் போகிற தகப்பனிடம். நுண்கடன் தவணைக்கு வெள்ளிக்கிழமை ஆள் வரும் என்று பயந்திருக்கும் தாயிடம். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலைக்குப் போயிருந்தால், பதினைந்து வயதுப் பெட்டையையும் அவளுடைய போனையும் சேர்த்துச் சமாளிக்கும் எழுபது வயது அம்மம்மாவிடம். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மூத்த மகள்தான் அரை உம்மா. பொறுமையாகப் பேசுங்கள் என்று அறிவுரை எழுதுபவர்கள், பொறுமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். தாங்க ஆளில்லாத தாய் பிள்ளையைத் தாங்கமாட்டாள்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் 40 ஊர்களில் 552 குடும்பங்களோடு நடந்த ஒரு பரிசோதனையை இங்கே முக்கியமாகக் கருதுகிறேன். வறுமையும் வன்முறையும் மிகுந்த இடங்கள் அவை. பெற்றோரும் பதின்வயதுப் பிள்ளையும் சேர்ந்து வரும் பதினான்கு அமர்வுகள். நடத்தியவர்கள் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஊர்வாசிகள். ஒன்றாக நேரம் செலவிடுவது, ஆத்திரத்தை ஆற்றுவது, வீட்டுச் செலவைச் சேர்ந்து திட்டமிடுவது எல்லாம் அதில் இருந்தன. 2018இல் லூசி க்ளூவரும் சகாக்களும் வெளியிட்ட முடிவுப்படி, பிள்ளைகள் மீதான அடிதடி குறைந்தது, போதைப்பொருள் பாவனை குறைந்தது, பெற்றோரின் மனச்சோர்வும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் ஆதரிக்கும் இந்தத் திட்டத்தின் கைநூல்கள் இலவசம்.

மட்டக்களப்பில் இதற்கான அடித்தளம் முன்பே இருக்கிறது. இங்குள்ள குடிமுறை தாய்வழி என்பதையும், கல்யாணம் கட்டிய மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதையும், மகளுக்கு வீடு சீதனமாகப் போவதையும் மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இதன் பயன் என்னவென்றால், தாயின் சகோதரிகள் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சின்னம்மாவிடம் சொல்லலாம். இப்படி ஓர் ஆள் இருப்பது பெரிய துணை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். கடும் நெருக்கடியில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறினார்கள். அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்தது, தாய் தகப்பனோ, பாட்டியோ, ஆசிரியரோ, தங்களை விட்டுவிடாத ஒரு பெரியவர். சின்னம்மாவோ மாமாவோ பிள்ளையிடம் கேட்ட இரகசியத்தை அன்றிரவே தாயிடம் ஒப்புவிக்காமல், உயிராபத்து இல்லாத விஷயமாயின் கொஞ்சம் காத்துவைத்தால், வளவில் பிள்ளைக்கு இரண்டாவது கதவு திறந்தே இருக்கும்.

வெளியாட்கள் வருவதற்கு முன்பே இந்த ஊர் பிள்ளைகளுக்காகச் சிந்தித்ததற்கும் சான்று உண்டு. 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மண்ணில் களிமண் பிசைந்து, கதை சொல்லி, மரம் நட்டு மாதக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 2000ஐ ஒட்டி மனநல வைத்தியர் மகேசன் கணேசன் மட்டக்களப்புக்கு வந்த பின், வைத்தியசாலையில் தொடங்கிய உளநலப் பணி கிராமங்கள் வரை போனது. அந்த அடித்தளம் நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் பெறுபேறும் சுற்றுமதிலும் பேசி முடிகின்றன. கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் மாதத்தில் ஒருநாள் மண்டபத்தை ஒதுக்க முடியும். குடும்பநல உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் ஏற்கனவே ஒவ்வொரு கிராமத்தையும் அறிவார்கள். ஆண்டு எட்டிலும் ஒன்பதிலும் பிள்ளைகள் படிக்கும் பெற்றோரைப் பத்துப் பதினைந்து பேராக உட்காரவைத்து, கிழமைக்கு ஒருமுறை மூன்று மாதம் தங்கள் வீட்டுக் கதையைப் பேசவிடுங்கள். தகப்பன்மாரும் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள், ஞாயிறு பின்னேரம் சரிவரும். அதற்குள் நெருக்கடி வந்தால், பிள்ளைக்கு ஆபத்து என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. மனம் தாங்காவிட்டால் இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. இந்த இரண்டாவது எண்ணுக்குத் தாயும் தகப்பனும் தங்களுக்காகவும் எடுக்கலாம், எந்த நேரத்திலும், தமிழிலேயே.